பூட்டில்லாத சாவிகள்

ஜூன் 4

பூட்டுக்காரருக்கு,

கையெழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கோழி கிறுக்கியது போல இருந்தாலும் எழுதியது நான்தான். இங்கே அக்கா வீட்டில் எனக்குப் பயிற்சி சொல்லித் தரும் பெண், பென்சிலைச் சுற்றித் துணி கட்டிக் கட்டைவிரல் மொத்தத்துக்குத் தடிப்பாக்கித் தந்திருக்கிறாள். தினம் அரைப் பக்கம் எழுத வேண்டுமாம். விரலுக்கு அதுவும் ஒரு பயிற்சி. யாருக்கு எழுதுவது என்று கேட்டேன். "யார் மேல கோவமோ அவங்களுக்கு எழுதுங்க, பக்கம் சீக்கிரம் நிறையும்" என்றாள். அதனால் உங்களுக்கு.

போன் செய்யாதீர்கள். நான் வந்த அன்றே பதினோரு தடவை அடித்தீர்கள். பதினோரு தடவையும் "வலிக்குதா?" என்றுதான் கேட்டீர்கள். வலிக்கிறது என்றால் அழுகிறீர்கள், இல்லை என்றால் நம்ப மாட்டேன் என்கிறீர்கள். உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தால் நான் திரும்பி வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிடுவேன். அக்கா போனை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

அக்கா செய்தது சரியா தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. "இப்படியே உக்காந்திருந்தா நீ உக்காந்தபடியே போய்ச் சேருவே" என்று சொல்லி, இரண்டு ஆட்களைக் கூட்டி வந்து, என்னை நாற்காலியோடு தூக்கி ஐம்பத்து நான்கு படி இறக்கினாள். நீங்கள் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றீர்கள். "பாத்து, பாத்து, அவ முட்டி" என்பதைத் தவிர ஒரு வார்த்தை வரவில்லை. தடுப்பீர்கள் என்று நினைத்தேன். தடுத்திருந்தால் இன்னும் கோபப்பட்டிருப்பேன். அது வேறு விஷயம்.

ஒரு வேலை இருக்கிறது. என் பழைய மருத்துவ ஃபைலை அனுப்புங்கள். ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, டாக்டர் கொடுத்த எல்லாத் தாள்களும். 'எல்லா' என்பதற்கு அடியில் கோடு போட விரல் வரவில்லை. போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

விசில்


ஜூன் 11

என் விசிலுக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர் அதைக் கீழ்வீட்டுத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் கடையை அடைத்துவிட்டு வருவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. "டீச்சரம்மா கைப்பட எழுதிட்டாங்களே!" என்று அவர் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார். மூன்று வருடமாக நீ பேனா பிடித்து நான் பார்க்கவில்லை. படிப்பதற்கு முன்னால் எழுத்தை மட்டும் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ போன பிறகுதான் இந்த வீட்டை ஒரு வெளி ஆளைப் போலச் சுற்றிப் பார்த்தேன். இந்த மூன்று வருடத்தில் குழாய்த் திருகுகளைக் கழற்றிவிட்டு, முழங்கையால் தட்டினால் திறக்கிற நீளமான பிடி வைத்தேன். அலமாரிக் கைப்பிடிகளைப் பிடுங்கி நாடா கட்டினேன். உன் சட்டைகளில் பொத்தானை எல்லாம் வெட்டிவிட்டு ஒட்டுப்பட்டை தைத்து வாங்கினேன். வாசல் கதவின் பெரிய பூட்டையே கழற்றி, தள்ளினால் திறக்கிற தாழ் ஒன்றை மாட்டினேன். ஊர் வீடுகளுக்கெல்லாம் பூட்டுப் போடுகிறவன் வீட்டில் பூட்டில்லை என்று உன் அக்கா வீட்டுக்காரர், என் அருமைச் சகலை, சொல்லிச் சொல்லிச் சிரித்தார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. உன்னால் முடியாத காரியம் ஒன்றுகூட இந்த வீட்டில் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். உனக்குச் செய்யக் காரியமே இல்லாமல் போனது இப்போதுதான் கண்ணில் படுகிறது. நானூறு பிள்ளைகளை ஒரே விசிலில் நேர்க்கோட்டில் நிறுத்திய டிரில் டீச்சர் நீ.

சாயங்காலம் பொழுது போகவில்லை. உன் நாற்காலிக்குப் பக்கத்து அலமாரியில் இருக்கிறதே, பூட்டுத் தொலைந்துபோன சாவிகளைப் போட்டு வைக்கும் தகர டப்பா, அதை இறக்கித் துடைத்து அடுக்குகிறேன். வழக்கம்போலப் பல் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடிதான். "உங்க சாவிங்க என் பசங்களைவிட ஒழுங்கா வரிசையில நிக்குதுங்க" என்பாயே, அது ஞாபகம் வந்தது.

ஃபைலை இத்துடன் பார்சல் செய்திருக்கிறேன். ஃபைலில் இருந்த தாள் ஒன்றைக்கூட எடுக்கவில்லை.

வலிக்கிறதா என்று கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.

உன் பூட்டுக்காரன்


ஜூன் 20

பூட்டுக்காரருக்கு,

இன்று நாற்காலியிலிருந்து கைப்பிடியைத் தொடாமல் ஐந்து தடவை எழுந்தேன். ஆறாவது தடவை பாதியில் தொப்பென்று விழுந்தேன், நாற்காலியில்தான். அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு வயதுதான் இருக்கும். முதல் நாள் என் முன்னால் நின்று "ஒண்ணு... ரெண்டு..." என்று எண்ணினாள். அதுவும் தப்புத் தாளத்தில்! இருபது வருடம் ஊருக்கெல்லாம் எண்ணிய எனக்கு இன்னொருத்தி எண்ணுவதா? பல்லைக் கடித்துக்கொண்டேன். மறுநாள் "எண்ணுறதை நான் பாத்துக்கறேன், நீ தப்பை மட்டும் சொல்லு" என்று சொல்லிவிட்டேன். சரி என்றாள். நல்ல பெண்.

காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரம் உடம்பு மரக்கட்டைதான். வெந்நீர்ப் பாத்திரத்தில் கையை வைத்து விரல்களை மடக்கி மடக்கி நீட்டுகிறேன். அப்புறம் வாசல் கேட் வரை நடை. போக முப்பது அடி, வர முப்பது அடி. இவளிடம் ஒரு விதி இருக்கிறது. பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் வலி நீடித்தால், அன்று அதிகமாகச் செய்துவிட்டோம் என்று அர்த்தம். மறுநாள் குறைக்க வேண்டும். மூட்டு சூடாக வீங்கினால் ஓய்வு. மற்றபடி வலிக்குப் பயந்து உட்காரக் கூடாது.

இங்கே உள்ள டாக்டர் நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டுகளை எல்லாம் பார்த்தார். "முடக்குவாதம் ரெண்டு வருஷமா அடங்கித்தான்மா இருக்கு. மாத்திரை அதோட வேலையச் செஞ்சிருக்கு. இப்ப உங்களைக் கட்டிப் போட்டிருக்கறது நோய் இல்ல, உக்காந்தே இருந்ததுல கரைஞ்சு போன தசை" என்றார். தசை திரும்ப வருமாம். இடது முழங்கை மட்டும் இனி முழுதாக நீளாதாம். அசைக்காமலே விட்டதில் இறுகிப்போய்விட்டது.

அந்தப் பெண் ஃபைலைப் புரட்டிவிட்டு, "நோய் அடங்கினதும் வீட்ல செய்யறதுக்கு ஒரு பயிற்சித் தாள் குடுப்பாங்களே, உங்க டாக்டர் குடுக்கலையா?" என்று கேட்டாள். என் வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

கேட்கிறேன். கொடுத்தாரா?

விசில்


ஜூலை 1

விசிலுக்கு,

பத்து நாளாக நாலு தாளைக் கிழித்துப் போட்டேன். இது ஐந்தாவது.

கொடுத்தார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், ரத்தப் பரிசோதனை முதல் தடவையாக நன்றாக வந்த அன்று. நீ படி இறங்க வேண்டாம் என்று சொல்லி நான் மட்டும் ரிப்போர்ட்டோடு போயிருந்தேன். டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார்: "இனிமே அவங்க அசையணும். கொஞ்சம் கொஞ்சமா. தெனமும்." பன்னிரண்டு சின்னச் சின்னப் படம் போட்ட ஒரு தாளைக் கொடுத்தார். ஓடி வந்தேன். அன்று மத்தியானம் உன்னை எழுப்பி நிறுத்தினேன், ஞாபகம் இருக்கிறதா? என்ன விஷயம் என்றுகூடச் சொல்லவில்லை, "வா, எந்திரி, ஒரு வேடிக்கை" என்றேன். உன் முட்டி மடங்கி, நீ ஒரு கத்தல் கத்தினாய். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். "டாக்டர் அசையவே கூடாதுன்னுட்டார், நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று உன்னிடம் சொன்னேன். அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான் மட்டும் போனேன். "பயிற்சி செய்யறாங்களா?" என்று அவர் கேட்பார். "செய்யறாங்க டாக்டர்" என்பேன். கூசாமல் சொல்வேன்.

ஏன் என்று நீ கேட்பாய். உன் கத்தலைத் தாங்க முடியவில்லை என்று சொல்லலாம். அது பாதி உண்மை. மீதி, அந்த விளையாட்டு விழாக் காலை. உன் விரல் மடங்கவில்லை, சட்டைப் பொத்தானைப் போட்டு விடச் சொன்னாய். நான் கடைக்கு நேரமாகிவிட்டது என்று எரிந்து விழுந்தேன். "ஸ்கூலுக்குப் போகச் சோம்பேறித்தனம்னா நேரா சொல்லு, தெனம் ஒரு சாக்கு சொல்லாதே" என்றேன். நாக்கில் நரம்பில்லாமல் சொன்னேன். பொத்தான் போடாத சட்டைக்கு மேல் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு போனாய். ஆறு வாரம் கழித்து டாக்டர் நோயின் பெயரைச் சொன்னார். அன்றிலிருந்து உன்னை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினேன். தாங்கத் தாங்க அந்த வார்த்தை அழிகிறது என்று நினைத்தேன். நீ எழுந்து நடந்துவிட்டால் எதைத் தாங்குவது?

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். சாவி டப்பாவில், அடியில் விரித்த காகிதத்துக்குக் கீழே இருந்தது. எண்ணெய்க் கறை என்னுடையது.

உன் முழங்கையை நினைத்தால் சோறு இறங்கவில்லை. திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

பூட்டுக்காரன்


ஜூலை 5

தாள் வந்தது.

பதில் எழுதக் கை வரவில்லை. வலியால் அல்ல.


ஜூலை 21

விசிலுக்கு,

உன் அக்கா போன் செய்தாள். நீ அந்தத் தாள் வந்த மறுநாள், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்குத் தனியாகப் போனாயாம். நாலு சுற்றுச் சுற்றினாயாம். கேட் வரை போய்வர அறுபது அடி நடந்துகொண்டிருந்தவள் நாலு சுற்று! இரண்டு முட்டியும் மணிக்கட்டும் பந்தாக வீங்கி, நடக்க முடியாமல் படுத்திருக்கிறாய் என்றாள். "ரெண்டு வருஷத்தை ஒரே சாயங்காலத்துல பிடிச்சிடப் பாத்தா உங்க பெண்டாட்டி. என்னங்க எழுதித் தொலைச்சீங்க?" என்று கேட்டாள். நான் சொல்லவில்லை. நீயும் அவளிடம் சொல்லவில்லை என்று அப்போது தெரிந்தது. எதற்காக என்னைக் காப்பாற்றுகிறாய்?

புறப்பட்டு வரலாம் என்று பையை எடுத்தேன். வந்தால் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. பையை வைத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகவில்லை. காலை எட்டு மணிக்கு உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். சாயங்காலம் ஆறு வரை எழுந்திருக்கக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டேன். தண்ணீர், ரொட்டி, ரேடியோ எல்லாம் கை எட்டும் தூரத்தில், உனக்கு வைப்பது போலவே. பதினோரு மணிக்கு முதுகு பேசியது. இரண்டு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரி துணி காயப்போடுவதைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். மூன்றரைக்கு எழுந்துவிட்டேன், என்னால் முடியவில்லை. முட்டி பிடித்துக்கொண்டு சுவரைப் பிடித்து நடந்தேன். எனக்கு ஒரு நோயும் இல்லை. ஒரு நாள்கூட இல்லை, ஏழரை மணி நேரம்!

ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுகிறேன். அலமாரிக் கைப்பிடிகள் முடிந்தன. சட்டைகளைத் தையல்காரரிடம் கொடுத்திருக்கிறேன். "முன்னாடி பொத்தானை வெட்டுன்னீங்க, இப்ப தைன்னு சொல்றீங்க, ஒரு முடிவுக்கு வாங்க சார்" என்கிறார். கொஞ்சம் பெரிய பொத்தானாகப் போடச் சொன்னேன். அது தப்பா? தப்பென்றால் சொல், சின்னதாக மாற்றச் சொல்கிறேன்.

பூட்டுக்காரன்


ஆகஸ்ட் 4

பூட்டுக்காரருக்கு,

பொத்தான் பெரிதாகவே இருக்கட்டும். அதில் தப்பில்லை. அந்தப் பெண்ணும் அதைத்தான் சொன்னாள்: "கஷ்டமான வேலையக் கொஞ்சம் லேசாக்கிக்கலாம், வேலையே இல்லாமப் பண்ணக் கூடாது."

வீக்கம் வடிந்துவிட்டது. கேட்டிலிருந்து மறுபடியும் ஆரம்பம். மைதானத்துக்குப் போனதற்கு அவள் என்னைத் திட்டவில்லை. என் கட்டிலோரம் உட்கார்ந்து, "உங்க ஸ்கூல்ல ஒரு வருஷமா படுத்திருந்த பிள்ளைய முதல் நாளே நாலு ரவுண்டு ஓட விடுவீங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

நீங்கள் நினைப்பது போல உங்கள் மேல் வந்த கோபத்தில் நான் அந்த மைதானத்தைச் சுற்றவில்லை. உங்களைக் காப்பாற்ற அக்காவிடம் சொல்லாமல் இருக்கவும் இல்லை. இதை எழுதத்தான் இரண்டு வாரமாகத் துணி சுற்றிய பென்சிலை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

போன வருடம், இதே ஆகஸ்டில் ஒரு நாள். நீங்கள் கடைக்குப் போயிருந்தீர்கள். ரேடியோவை அணைக்கக் கையை நீட்டினேன், பக்கத்திலிருந்த சாவி டப்பா விழுந்தது. சாவி எல்லாம் தரையில். அடிக் காகிதம் கழன்று, அதற்குக் கீழே இருந்த தாளும் வெளியே. பன்னிரண்டு படம். கீழே டாக்டர் கையெழுத்து, தேதி. படித்தேன். எனக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

பாருங்கள், அன்று நான் என்ன செய்திருக்க வேண்டும்? நீங்கள் வந்ததும் மூஞ்சியில் வீசியிருக்க வேண்டும். நான் அப்படித்தான், உங்களுக்கே தெரியும், மூக்குக்கு மேல் கோபம் வருகிறவள். ஆனால் நான் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தேன். தவழ்ந்தேன் என்றே சொல்லலாம். நாற்பத்தேழு சாவி. ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் தள்ளி, ஓரத்துக்குக் கொண்டுவந்து, கிள்ளி எடுத்து டப்பாவில் போட்டேன். காலை பதினொன்றுக்கு ஆரம்பித்தது, மூன்று மணிக்கு மேல் ஆனது. தாளை அதே மடிப்பில் மடித்து, அதே இடத்தில் வைத்தேன். கட்டில் காலைப் பிடித்து எழுந்து நாற்காலியில் ஏறினேன். நீங்கள் வந்து "இன்னைக்கு எப்படிம்மா இருக்கே?" என்றீர்கள். "எப்பவும் போலத்தான்" என்றேன்.

அன்று செய்த வேலையை அடுத்த நாளும் செய்திருந்தால், என் முழங்கை நீண்டிருக்கும். தெரிந்தும் உட்கார்ந்தேன். ஏன் தெரியுமா? "சாக்கு" என்று சொன்னீர்களே, அதற்கு. நான் அந்த நாற்காலியில் இருக்கும்வரை நீங்கள் குற்றவாளி. என் தலையை நீங்கள் சீவி விடும்போது உங்கள் கை நடுங்கும். எனக்கு அது இனித்தது. என்னைத் தாங்கித் தாங்கி நீங்கள் தேய்வதைப் பார்த்து ஒரு வருடம் சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஒரு வருடம்! இங்கே வந்தும் புத்தி போகவில்லை. ஃபைலை அனுப்பச் சொன்னது, தாள் கொடுத்தாரா என்று கேட்டது, எல்லாம் தெரிந்துகொண்டே கேட்டதுதான். நீங்கள் நெளிவதைப் பார்க்க. நீங்களோ ஒளிக்காமல் எழுதி, தாளையும் வைத்து அனுப்பிவிட்டீர்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னால் கட்டிலில் உட்கார முடியவில்லை. மைதானத்துக்குப் போனேன்.

என் உடம்பை வைத்து உங்களை அடித்தேன். இப்போது நீங்கள் திட்டி எழுதுங்கள்.

விசில்


ஆகஸ்ட் 13

விசிலுக்கு,

திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஏனென்றால் நான் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. ஒளிக்காமல் எழுதினேன் என்று நீ எழுதியதைப் படித்து மண்டையில் அடித்துக்கொண்டேன்.

போன வருடம் ஆகஸ்டில் அந்தச் சாயங்காலம் நான் டப்பாவைத் திறந்தேன். சாவிகள் இஷ்டத்துக்குக் கிடந்தன. பல் சிலது இந்தப் பக்கம், சிலது அந்தப் பக்கம். முப்பது வருடமாகச் சாவி பிடிக்கிறவன் நான், என் சாவிகள் அப்படி நிற்காது. அடிக் காகிதத்தைத் தூக்கினேன். தாள் இருந்தது, மடிப்பும் சரியாகத்தான் இருந்தது. ஆனால் எழுத்து உள்பக்கம் போக மடித்து வைத்தவன் நான். வெளிப்பக்கம் இருந்தது.

நீ பார்த்துவிட்டாய் என்று அந்த நிமிடமே தெரியும். உன் உள்ளங்கையில் சாவிப் பல் அழுத்தின தடம்கூட இருந்தது. உனக்குத் தலை சீவிக்கொண்டே அதைப் பார்த்தேன். கை நடுங்கியது என்கிறாயே, அதற்குத்தான் நடுங்கியது.

இன்று கேட்பாள், நாளை கேட்பாள் என்று காத்திருந்தேன். ஒரு வாரம் பயந்தேன். ஒரு மாதம் கழித்து, சரி, இவளுக்கும் இப்படி இருப்பதுதான் பிடித்திருக்கிறது என்று எனக்கு வசதியாக ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ வாயைத் திறக்காததை உன் சம்மதமாக எடுத்துக்கொண்டேன். சாவிகளைத் திரும்ப வரிசையாக அடுக்கினேன். ஒரு மனுஷி தரையில் தவழ்ந்து நாற்பத்தேழு சாவி பொறுக்கியிருக்கிறாள் என்றால் அவளால் முடியும் என்று அர்த்தம். பூட்டு சாவி தெரிந்தவனுக்கு இது தெரியாதா? தெரிந்தது. தெரிந்தும் மறுநாள் உனக்குப் பல் தேய்த்து விட்டேன்.

ஆக, நீ தெரியாதது போல இருந்தாய், நான் தெரியாதது போல இருந்தேன். நடுவில் உன் முழங்கை இறுகிக்கொண்டே போனது. உன் ஒரு வருடத்தை நீ கணக்கில் வைக்காதே. அதுவும் என்னுடையதுதான். நான் வாயைத் திறந்திருந்தால் உன் பழி அன்றே தீர்ந்திருக்கும்.

வாசல் கதவில் பழைய பூட்டைத் திரும்ப மாட்டிவிட்டேன். எண்ணெய் போட்டு, உள்ளே தேய்ந்திருந்த, சாவி தூக்குகிற நெம்புத் தகடுகளைச் சரிசெய்து, இலேசாகத் திரும்பும்படி வைத்திருக்கிறேன். லேசாக்கலாம், இல்லாமல் பண்ணக் கூடாது என்று அந்தப் பெண் சொன்னதாக எழுதியிருந்தாயே, அந்த அளவுக்குத்தான். சாவியின் தலையைப் பெரிதாக்கி மரப்பிடி போட்டிருக்கிறேன். இத்துடன் இருக்கிறது. நீ வருவாய் என்று எதிர்பார்த்து அனுப்பவில்லை. இது உன் வீட்டுச் சாவி, உன்னிடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பூட்டுக்காரன்


ஆகஸ்ட் 22

பூட்டுக்காரருக்கு,

முதலில் கடிதத்தைக் கசக்கி எறிந்தேன். குனிந்து எடுக்க வேண்டியிருந்தது, அதுவே ஒரு பயிற்சியாகிவிட்டது. மறுபடி படித்தேன், மறுபடி எறிந்தேன். மூன்றாவது தடவை சிரிப்பு வந்துவிட்டது. அக்கா எட்டிப் பார்த்து, "என்னடி, தனியா சிரிக்கறே?" என்றாள். ஒரே வீட்டில் இரண்டு திருடர்கள், ஒருவர் பையில் ஒருவர் கைவிட்டுக்கொண்டு ஒரு வருடம் நின்றோம் என்று எப்படி அவளிடம் சொல்வது? அழுதுவிட்டேன். சிரிப்பைவிட அதை அவளுக்கு விளக்குவது சுலபமாக இருந்தது.

மன்னித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள். இன்னும் இல்லை. என்னையும் இல்லை.

இங்கே மாடிக்குப் பன்னிரண்டு படி. நல்ல கால் முதலில் ஏற, வலிக்கிற கால் முதலில் இறங்க என்று சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எனக்கு எது நல்ல கால் என்று தினம் காலையில்தான் தெரிகிறது. நேற்று பன்னிரண்டும் ஏறினேன். இரண்டு மணி நேரத்தில் வலி இறங்கிவிட்டது.

சாவி கையில் நிற்கிறது. திருப்பிப் பழகப் பூட்டு இல்லை. வெறும் சாவியை வைத்துக்கொண்டு காற்றைத் திறக்கவா?

விசில்


செப்டம்பர் 15

பூட்டுக்காரருக்கு,

நீங்கள் அனுப்பிய பூட்டு வந்தது. மரக்கட்டையில் பொருத்தி, அதே நெம்பு, அதே சாவி. அதை மடியில் வைத்துத் தினம் இருபது தடவை திறந்து மூடுகிறேன். முதல் சுற்று வந்துவிடுகிறது. இரண்டாவது சுற்றில் கட்டைவிரல் தகராறு செய்கிறது. பத்தில் ஏழு தடவை திறக்கிறேன்.

வருகிற 28ஆம் தேதி சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன். அக்கா தெருமுனை வரைதான் வருவாள். தையல்காரரிடம் சொல்லி ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு முக்காலி போடச் சொல்லுங்கள். பதினெட்டுப் படிக்கு ஒருமுறை உட்காருவேன். எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும்.

கதவை வெளியிலிருந்து பூட்டச் சொல்லி நீங்கள் உள்ளே இருக்க வேண்டும். இரண்டு சுற்று. நான் திறப்பேன். கவனமாகப் படியுங்கள்: நீங்கள் ஒரு படி இறங்கி வந்தாலோ, உள்ளிருந்து கதவைத் தொட்டாலோ, நான் அப்படியே திரும்பி அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன். மறுபடி வர மாட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என்னைத் திரும்ப அந்த நாற்காலியில் உட்கார வைக்க உங்களுக்கு ஒரு நிமிடம் போதும், உட்கார எனக்கும் ஒரு நிமிடம் போதும். இரண்டு பேரையும் நான் நம்பவில்லை.

முடியவில்லை என்றால் நானே கூப்பிடுவேன். எனக்கு வாய் இருக்கிறது. கூப்பிட்டால் வாருங்கள். கூப்பிடாவிட்டால் இல்லை. கை சும்மா இருக்காது உங்களுக்கு, அதனால் எதையாவது எழுதிக்கொண்டிருங்கள்.

விசில்


செப்டம்பர் 28

விசிலுக்கு,

எழுதிக்கொண்டிருக்கிறேன். தையல்காரர் ஒன்பதே முக்காலுக்கு வெளியே பூட்டிச் சாவியைக் கதவிடுக்கு வழியாகத் தள்ளிவிட்டுப் போனார். அது என் சட்டைப் பையில் இருக்கிறது. உள்பக்கமும் சாவித் துவாரம் உண்டு என்பதை மறக்கப் பார்க்கிறேன். உன் நாற்காலியை மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்விட்டேன். கதவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருக்கிறேன்.

பத்து மணி. விசில் சத்தம்! தெருவே திரும்பிப் பார்த்திருக்கும். என் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. மூன்று வருடம் ஆயிற்று அதைக் கேட்டு.

படியில் உன் செருப்புச் சத்தம். ஒரு கால், பிறகு அடுத்த கால், பிறகு ஒரு மூச்சு. எண்ணுகிறேன். பதினெட்டு. முக்காலி இழுபடுகிறது.

மணி பத்து இருபது. மறுபடி ஏறுகிறாய். தையல்காரர் கீழிருந்து "மெதுவா டீச்சரம்மா" என்கிறார். "நீங்க தைங்க, நான் ஏறறேன்" என்கிறாய்.

முப்பத்தாறு. முக்காலி. சத்தமே இல்லை. ஐந்து நிமிடம். ஏழு நிமிடம். எழுந்துவிட்டேன். சாவி கையில் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. கூப்பிடு, கூப்பிடேன். நீ கூப்பிடவில்லை. சாவியைச் சமையலறை வரை வீசினேன். உட்கார்ந்துவிட்டேன். என் எழுத்து இப்போது உன் முதல் கடிதம் போல இருக்கிறது.

முப்பத்தேழு. அப்பாடா.

நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது. கைப்பிடிச் சுவரில் உன் கை உரசுகிறது. ஐம்பத்து நான்கு. கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறாய். உன் மூச்சு இங்கே கேட்கிறது. ஒரு பலகைதான் நடுவில்.

சாவி துவாரத்தைத் தட்டுகிறது. நுழைந்தது. திரும்பவில்லை. விழுந்துவிட்டது. ஐயோ. நீ குனிகிறாய், கதவில் உன் தோள் சாய்கிற சத்தம். வலிக்கிறதா என்று கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். நாற்பத்தேழு சாவி எடுத்தவள், ஒன்றை எடுக்க மாட்டாயா?

எடுத்துவிட்டாய். நுழைந்தது. நெம்பு நகர்கிறது. ஒரு சுற்று.

என்னை அறியாமல் "ஒண்ணு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

"உள்ள யாரு எண்ணறது?" என்கிறாய். மூச்சு வாங்குகிறது உனக்கு. "எண்ணறது என் வேலை. வாய மூடிட்டு உக்காருங்க."

உட்கார்ந்திருக்கிறேன். பென்சிலைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறேன். சாவி நின்றுவிட்டது, கட்டைவிரலை மாற்றி வைக்கிறாய் போலிருக்கிறது. மறுபடி நகர்கிறது, முக்கால் வந்துவிட்டது, நெம்பு ஏறுகிறது.

"ரெண்டு" என்கிறாய்.